நாதஸ்வரம் வாசித்த பாஸ்டன்காரர்

(இசை ஆர்வலர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில், காஞ்சிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரத்துக்கு வந்து இசைத்தட்டைப் பற்றிப் பேசுகிறவன், முதலில் நாயனாப் பிள்ளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேலே போகவேண்டும். 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையையே மேடையில் உட்காரவைத்து 'புல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். பல்லவி என்றால் அவர்தான் என்று அந்தக் காலத்து வித்வான்களே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குரல் ஒரு தட்டில்கூட இல்லை. அவருடைய தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள், கிராமபோன் நம் ஊருக்குள் நுழைந்த புதிதிலேயே பாடிக் கொடுத்துவிட்டார். சகோதரி மகன் கொடுக்கவில்லை.

ஆனால் அவர் இசை அழிந்தா போயிற்று? பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் உட்கார்ந்து கற்றார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர் பாணியை எடுத்துக்கொண்டு தட்டுகளில் பாடினார். இந்த ஊரில் வளர்ந்த ஒரு சிறுமி கூட்டத்தில் உட்கார்ந்து அவரைக் கேட்டுக் கேட்டே பல்லவியைப் பிடித்துக்கொண்டாள், டி.கே. பட்டம்மாள் என்று பின்னால் உலகம் சொன்னது. ஆள் வழியாக ஆளுக்குப் போனது. நமக்குத் தட்டு ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

ஜாஸில் அப்படி இல்லை. அங்கே குருகுலமே தட்டுதான். சிகாகோவிலோ பாஸ்டனிலோ ஒரு பையன் சாக்ஸபோன் கற்க நினைத்தால், சார்லி பார்க்கரின் தட்டை வேகம் குறைத்து ஓடவிட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒவ்வொரு சங்கதியாக எடுப்பான். மேடையில் வாசித்ததும் அன்று இரவோடு போய்விடும் இசை அது. எழுதிவைத்த உருப்படி பெரும்பாலும் பெயருக்குத்தான். அதனால் ஜாஸ் தட்டு சேர்ப்பவரைப் பழம்பொருள் சேர்ப்பவர் கணக்கில் வைத்துவிடாதீர்கள். அவர் அலமாரியில் இருப்பது பாடாந்தரம்.

இன்று நான் பேச வந்தது எல்லா ஜாஸையும் பற்றி அல்ல. ஓட்டல் வரவேற்பறையில் காபி ஆறும்வரை ஒலிக்கிற ஜாஸ் ஒன்று இருக்கிறது. அதன்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. நான் சொல்வது கொஞ்சம் முரட்டு ஜாஸ். கேட்டவுடன் 'இதென்ன கூத்து' என்று வீட்டில் உள்ளவர்கள் கதவைச் சாத்துகிற ஜாஸ்.

அதற்கு வழி விட்டதும் தட்டுதான். பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை அந்த அளவுக்குள் அடைத்துக் காட்டினார் என்பது அவருடைய மேதைமை. கோயில் வீதியில் இரவெல்லாம் வாசிக்கிற மனிதரை இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு நிமிடத்துக்குள் உட்காரவைப்பது தட்டு செய்த அநியாயம். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுகிற எல்.பி.யைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அரக்கில் செய்த தட்டு போய் வினைல் வந்தது. ஜாஸ்காரர்களுக்குக் கைகால் நீட்ட இடம் கிடைத்தது. நீட்டினார்கள்.

எவ்வளவு தூரம் நீட்டினார்கள் என்பதற்கு ஒரு தட்டு. 1960 டிசம்பர் 21-ஆம் தேதி நியூயார்க்கில் ஆர்னெட் கோல்மன் எட்டுப் பேரை ஒரே அறையில் நிறுத்தினார். நாலு பேர் கொண்ட இரண்டு குழுக்கள். ஒரு குழு முழுக்க இடது ஸ்பீக்கரில், இன்னொன்று முழுக்க வலதில். சுமார் 37 நிமிடம், நிற்காமல் ஒரே ஓட்டம். தட்டில் ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போடும் இடத்தில் மட்டும்தான் மூச்சு. 'ஃப்ரீ ஜாஸ்' என்று தட்டுக்குப் பெயர். அந்தப் பாணிக்கே பிறகு அதுதான் பெயராகிவிட்டது. அட்டையைத் திறந்தால் உள்ளே ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியம். ஸ்வரஸ்தானம் எங்கே, சுருதி எங்கே என்று தேடினால் முதல் தடவை தலை சுற்றும். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்கிற வழி: இடது ஸ்பீக்கர் பக்கம் நாற்காலியைப் போட்டு அந்த நாலு பேரை மட்டும் ஒரு தடவை கேளுங்கள். அப்புறம் வலது. மூன்றாவது தடவை நடுவில். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டதைக் கஞ்சிரா பிடிக்கிறதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த எட்டுப் பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். அதுவும் ஒரு புல் பெஞ்ச்தான்.

வலது குழுவில் டிரம் வாசித்தவர் எட் பிளாக்வெல். அவர் பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு தமிழர் மிருதங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்: டி. ரங்கநாதன், வீணை தனம்மாளின் பேரன். அவருடைய அக்கா பாலசரஸ்வதி 1925-இல், ஏழு வயதில், இந்த ஊர் அம்மனாட்சி அம்மன் கோயிலில்தான் அரங்கேறினார். உலகம் சின்னது என்று நான் சொல்லமாட்டேன், உலகம் பெரியதுதான். ஆனால் அந்தக் குடும்பம் அதில் எங்கெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது.

சரி, இந்த முரட்டு இசைக்குள் நம் ஆட்களின் ஒலி எப்படிப் போனது? மூன்று விதமாகப் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. வழிப்போக்கராக வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. பக்தியோடு வந்தவர்கள் உண்டு. கற்றுக்கொள்ள வந்து காலை மடக்கி உட்கார்ந்தவர்கள் உண்டு.

வழிப்போக்கர்களில் முக்கியமானவர் டேவ் புரூபெக். 1958-இல் அமெரிக்க அரசு அவருடைய குழுவைப் போலந்தில் தொடங்கி ஆசியாவின் பல நாடுகளுக்கும் அனுப்பியது. பனிப்போர்க் காலத்தில் பியானோவும் ஒரு தூதுவர். சென்னையில் அவர்கள் பழநி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார்கள். இடது கையால் வலந்தலை வாசித்த மேதை அவர். டிரம்காரர் ஜோ மொரெல்லோ அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டார் என்று வரிக்கு வரி காட்ட முடியாது. ஆனால் அந்தப் பயணம் முடிந்து வந்த தட்டில் 'கல்கத்தா புளூஸ்' என்ற உருப்படியில் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் வாசிக்கிறார். அடுத்த ஆண்டு 1959-இல் 'டைம் அவுட்' வந்தது. அதில் உள்ள 'டேக் ஃபைவ்' உங்களுக்கெல்லாம் தெரியும். விளம்பரங்களில் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் ஐந்து எண்ணி ஆடமுடியாமல் திணறினார்கள். நமக்கு அது கண்டம். ஆனால் நாம் கண்ட சாப்பை 'தக தகிட' என்று போடுவோம். அவர்கள் 'தகிட தக' என்று திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதே தட்டின் முதல் உருப்படி இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கை. அதற்கு 'தக திமி தக தகிட' என்று சொல்லிப் பாருங்கள், சட்டை மாதிரி உட்காரும். நாலாவது சுற்றில் மட்டும் 'தகிட தகிட தகிட' என்று மாறும். நியூயார்க்கில் ரசிகர்கள் ஆச்சரியப்பட்ட இடத்தில் காஞ்சிபுரத்து ரசிகர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பக்தியோடு வந்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1967-இல் கணவர் ஜான் கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்துபோனார். ஜாஸ் உலகத்துக்கு அது இடி. நாலு குழந்தைகளோடு நின்ற அந்த அம்மாவுக்கு ஆறுதல் ஒரு தமிழரிடம் கிடைத்தது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் 1914-இல் ராமசாமியாகப் பிறந்து, ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, இலங்கையில் பல ஆண்டுகள் இருந்து, 1966-இல் அமெரிக்கா போன சச்சிதானந்த சுவாமிகள் அவர். 1969-இல் உட்ஸ்டாக்கில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடிய இசைவிழாவின் தொடக்கத்தில் மேடையில் உட்கார்ந்து பேசிய அந்தத் தாடிக்காரர். குருநாதர் சிவானந்தரும் பத்தமடைக்காரர்தான். ஆக, அந்தக் கதையில் இரண்டு தமிழர்கள்.

1970 நவம்பரில் ஆலிஸ் தன் வீட்டு ஸ்டுடியோவில் பெரும்பகுதியைப் பதிவு செய்த தட்டு 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. மறு ஆண்டு இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆலிஸ் அதில் ஹார்ப் வாசிக்கிறார். ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன். செசில் மக்பீ பாஸில் ஒரே சின்னச் சொற்றொடரைத் திருப்பித் திருப்பி வாசிக்க, அதற்கு அடியில் தம்பூரா. வாசித்தவர் பெயர் 'துளசி' என்று ஒற்றைப் பெயராக இருக்கிறது. நம் காதுக்கு முதலில் எரிச்சல்கூட வரலாம். தம்பூரா இருக்கிறது, ராகம் இல்லையே என்று. எனக்கு அந்தத் தட்டு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் தம்பூரா செய்கிற வேலை சுருதி சேர்ப்பது அல்ல. சாம்பிராணிப் புகை போடுவது. அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒரு பெண் தன் வீட்டை நிரப்பிக்கொண்ட வாசனை அது. இதே வேலையைத் துக்கமும் இல்லாமல் பக்தியும் இல்லாமல் செய்த தட்டுகள் அந்தப் பத்தாண்டில் ஏராளம். அட்டையில் ஒரு சிவன் படம், உள்ளே ரெண்டு நிமிடம் சிதார். அவற்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். என் மனம் அங்கேதான் இருக்கிறது.

சார்லி மரியானோ 1923-இல் பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன்காரர். சார்லஸ் மிங்கஸ் 1963-இல் செய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்ற மகத்தான தட்டில் அழுகிற ஆல்டோ சாக்ஸ் அவருடையது. அறுபதுகளின் பின்பாதியில் அவர் மலேசியாவில் வேலையாக இருந்தபோது நாதஸ்வரம் கேட்டார். மலேயாவுக்குப் பால்மரம் சீவப் போன நம் ஜனங்கள் முருகனையும் நாதஸ்வரத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். அமெரிக்க ஜாஸ்காரர் ஒருவருக்கு அது காதில் விழ வேண்டும் என்றுகூட ஒரு விதி இருந்திருக்கிறது.

கேட்டதோடு விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கு வந்து நாதஸ்வரம் கற்றார். நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதை நெருங்கிய, தன் வாத்தியத்தில் பெயர் வாங்கிவிட்ட வித்வான். சாக்ஸபோனில் ஒரு சாவியை அமுக்கினால் ஸ்வரம் வந்துவிடும். நாதஸ்வரத்தில் சாவி கிடையாது; சீவாளியும் உதடும் மூச்சும் விரலும் சேர்ந்து சுருதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். உதட்டைத் திருப்பினால் ஸ்வரமும் திரும்பும். கமகம் பிறக்கிற இடமும் அதுதான், புதிதாகக் கற்பவர் மானம் போகிற இடமும் அதுதான். அந்த அவமானத்துக்கு ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாரே, அதைத்தான் நான் துணிச்சல் என்பேன்.

ஜெர்மனியின் எம்பிரியோ குழுவோடு 1973-இல் அவர் செய்த 'வீ கீப் ஆன்' தட்டிலும், 1976-இல் வந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்' தட்டிலும் அந்த நாதஸ்வரம் இருக்கிறது. பின்னதில் கீபோர்டு யான் ஹாமர், பாஸ் ஜாக் புரூஸ். மின்கருவிகள் நடுவே நம் வாத்தியம். நம் ஊர் மேளக்காரர் கேட்டால் பிடி இன்னும் வரவில்லை என்று சொல்லக்கூடும், வரவில்லைதான். ராஜகோபுரத்துக்குக் கீழே மல்லாரி கேட்டு வளர்ந்தவர்கள் அதில் திருவாவடுதுறையைத் தேடவேண்டாம். ஆனால் அலங்காரமாகத் தூவிவிட்டுப் போகாமல் அந்த வாத்தியத்துக்குள் தன் மூச்சை விட்டுப் பார்த்த ஒரு மனிதர் அதில் இருக்கிறார். 1983-இல் அவர் பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 'ஜ்யோதி' என்ற தட்டைச் செய்தபோது இந்த உழைப்பு பழுத்திருந்தது. ஆர்.ஏ. ரமாமணி பாட, டி.ஏ.எஸ். மணி மிருதங்கம் வாசிக்க, மரியானோ சாக்ஸிலும் புல்லாங்குழலிலும் பக்கத்தில் நடந்துவருகிறார். முந்திக்கொண்டு ஓடவில்லை.

இங்கே உங்கள் ஊர் நெசவுத் தொழிலிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெசவாளர் ஒரு பக்கம் நாடா எறிய, கரைக்குத் துணைக்கு இன்னொருவர் வேண்டும். இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்பும் இடத்தில் பல் பல்லாகத் தெரியும். இழுத்தாலும் பிரியாது. உடலின் நிறம் கரைக்குள் கசியவும் கசியாது. கரையைத் தனியாக வாங்கித் தைத்துவிட்டுக் காஞ்சிப் பட்டு என்று விற்பவர்களையும் உங்களுக்குத் தெரியும். நான் இந்தவகைத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் கேட்டுக்கொள்ளும் கேள்வி அதுதான்: கோர்வையா, தையலா?

கோர்வைக்கு என் கையில் இருக்கிற சிறந்த உதாரணம் சக்தி குழுவின் முதல் தட்டு. ஜான் மக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்கிதாரால் இடி இடித்துக்கொண்டிருந்தவர். அவர் வெஸ்லியனில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். சாதாரணக் கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார். தந்தியை அமுக்கி இழுத்துக் கமகம் வாங்க அது வசதி. வயிற்றுப் பகுதியில் குறுக்காகச் சுருதித் தந்திகள் வேறு. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, ராம்நாடு ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். 1975 ஜூலை 5-ஆம் தேதி நியூயார்க் அருகே ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை மறு ஆண்டு வெளியிட்டார்கள். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, கிட்டத்தட்ட 29 நிமிடம். இதில் கிதார்காரர் வெள்ளைக்காரர் என்பதால் நாம் மன்னித்துக் கேட்கவேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. கணக்கில் வந்து விழுகிறார். அவர்களும் அவருக்காக எதையும் எளிமையாக்கவில்லை.

எல். சங்கர், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர்; 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். 1980-இல் மூனிக்கின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காகச் சங்கர் 'ஹூஸ் டு நோ' என்ற தட்டைப் பதிந்தார். ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி. மறுபக்கம் 'ஆனந்த நடமாடும் பாதம்'. மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபேலா ஜாகிர் உசேன். தாளம் போட்டவர் தகப்பனார். அட்டையில் அவர் பெயரும் உண்டு. ஜாஸ் நிறுவனத்தின் தட்டில் தாளம் போட்டவருக்குப் பெயர் போட்டிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி சேகரிப்பதைப் பற்றி நாலு வார்த்தை. முதல் பதிப்பு, ஜப்பான் பதிப்பு என்று அலையாதீர்கள். அது வேறு வியாதி, செலவும் அதிகம். அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காமல் பின்பக்கம் படித்து வாங்குங்கள். யார் வாசித்தார், எங்கே, எந்தத் தேதி என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நம் பெயர்களைத் தட்டுக்குத் தட்டு வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். பொறுமையாகப் படித்தால் ஆள் பிடிபடுவார். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போங்கள். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததோடு இப்படி மண்டியிட்டுத் தேடுகிற சுகம் பாதி போயிற்று. இன்னமும் பழைய பேப்பர் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைகளிலும் ஏதாவது தலைகாட்டத்தான் செய்கிறது.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் பயமுறுத்தும், பெரும்பாலும் கேட்காது. வரிகளுக்கு நடுவே சாம்பல் பூத்திருந்தால் மழுங்கிய ஊசியால் தேய்த்திருக்கிறார்கள். அதைத் துடைத்துப் பயனில்லை. நம் ஊர் எதிரி பூஞ்சை. ஐப்பசி கார்த்திகையில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும். வரிகள் போகும் திசையிலேயே துடைக்க வேண்டும். தட்டுகளை நிற்கவைத்து அடுக்குங்கள். பீரோ மேல் படுக்கவைத்து அதன்மேல் வெங்கலப் பானையை ஏற்றினால் அடுத்த சித்திரையில் அப்பளமாகத்தான் கிடைக்கும்.

வினைல் வெறியர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. நல்லதெல்லாம் தட்டில்தான் வந்தது என்று நினைக்கிறார்கள். ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் சாக்ஸும் சாக்ஸுமாகச் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' 2008-இல் குறுந்தகட்டுக் காலத்தில் வந்தது. தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த விஜய் ஐயர், கிதார் பிரசன்னாவோடு வாசித்த 'தீர்த்தா' 2011-இல் வந்தது. வட்டத்தின் அளவைப் பார்த்து இவற்றை ஒதுக்குகிறவர் இசை சேர்க்கவில்லை, பிளாஸ்டிக் சேர்க்கிறார். விஜய் ஐயர் 2021-இல் வெளியிட்ட 'அன்ஈஸி' எல்.பி.யாகவும் கிடைக்கிறது. அதில் மிருதங்கமும் இல்லை, தம்பூராவும் இல்லை. பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும். தாளத்தை எண்ணிக்கொண்டு கேளுங்கள், எங்கே பிறந்த கணக்கு என்று நீங்களே சொல்வீர்கள்.

பேச்சு போதும். சக்தி தட்டின் இரண்டாம் பக்கத்தை இப்போது போடப் போகிறேன். ஒரு பக்கத்தில் 29 நிமிடத்தை அடைத்தால் வரிகளை நெருக்கி வெட்டவேண்டும், ஒலியையும் குறைத்துப் பதியவேண்டும். அதனால் தொடக்கம் கொஞ்சம் சன்னமாகக் கேட்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்த இரண்டு மின்விசிறிகளையும் நிறுத்திவிடுங்கள். தாளம் போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். விநாயக்ராம் தனியாக எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்லாதீர்கள்.